முதலில் கயிறு, அப்புறம்தான் தீ

காட்டில் வாழும் பழைய வித்தைகளைக் கற்றுக்கொள்ள வருகிற எல்லோரும் முதலில் கேட்பது தீயைத்தான். தீப்பெட்டி கூடாது, லைட்டர் கூடாது, கட்டையும் கட்டையும் உரசி நெருப்பு வர வேண்டும். அந்த ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது. நானும் அதற்காகத்தான் போய்ச் சேர்ந்தேன். ஆனால் எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று இன்று யாராவது கேட்டால், கயிறு திரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். இரண்டு பருவமழையும் வாங்குகிற நம் குமரி மாவட்டத்தின் ஈர மண்ணில் கயிறுதான் முதல் வித்தை. அதற்குக் காரணம் சொல்லவே இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். திருவட்டாறு பக்கம் வீடு. சுற்றிக் கொஞ்சம் ரப்பரும் மரச்சீனியும், அதாவது மரவள்ளியும், உண்டு. 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்தபோது வேலையில் இருந்தேன். மாவட்டம் முழுக்க ஆயிரக்கணக்கான கம்பங்கள் சாய்ந்தன. ரப்பரும் வாழையும் அயனியும் ரோட்டை மறித்துக் கிடந்தன. வெளி மாவட்டங்களிலிருந்து ஆட்கள் வந்து ராப்பகலாகச் சேர்ந்து உழைத்தும் பல ஊர்களுக்கு மின்சாரம் உடனே திரும்பவில்லை. அப்போது லைன் பார்க்கப் போகிற வழியில் வீடு வீடாக ஒன்றைக் கவனித்தேன். கிணறு நிறையத் தண்ணீர் இருந்தது, குடிக்கத் தண்ணீர் இல்லை. மோட்டார் ஓடாதே! வாளி இருந்தது, சில வீடுகளில் பழைய கப்பிகூடத் தொங்கியது. கயிறு மட்டும் இல்லை. முற்றத்தில் தென்னை விழுந்து கிடக்கிறது, கொல்லையில் கதம்பை, அதாவது தேங்காய் மட்டை, மலைபோல் குவிந்து கிடக்கிறது, அந்தக் கதம்பையிலிருந்து கயிறு எடுக்கத் தெரிந்த ஒரு கை அந்தத் தெருவில் இல்லை. என்னிடம் இருந்த நைலான் கயிற்றை ஒரு வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தத் தெரு நெடுநாள் என் மனதில் இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு, மார்த்தாண்டம் பக்கத்துக்காரர் ஒருவர் இப்படிப்பட்ட வித்தைகளை வகுப்பாக நடத்துகிறார் என்று கேள்விப்பட்டேன். இங்கிலாந்தில் வேலை பார்த்தபோது அங்குள்ள பயிற்சி முகாம்களுக்குப் போய்க் கற்றவர். என்னைவிட வயதில் மிகவும் இளையவர். ஆனாலும் நம் ஊர் வழக்கப்படி எல்லோரும் அவரை ஆசான் என்றுதான் கூப்பிடுகிறோம். அவருக்கு நான் அண்ணாச்சி. திற்பரப்புக்குப் பக்கத்தில் ஒரு தனியார் தோட்டத்திலும், ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு பனங்காட்டிலும் வகுப்பு நடக்கிறது.

இந்த மாதிரி வகுப்புகள் மேல்நாட்டில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கின்றன. அமெரிக்காவில் லாரி டீன் ஓல்சன் 1968இல் யூட்டா மாநிலப் பாலைநிலத்தில் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போனதிலிருந்துதான் போல்டர் அவுட்டோர் சர்வைவல் ஸ்கூல் வளர்ந்தது. கத்தியும் போர்வையும்போல மிகக் குறைவான பொருட்களோடு நாள்கணக்கில் நடப்பது அவர்களுடைய பாணி. டாம் பிரவுன் ஜூனியர் 1978இல் நியூ ஜெர்சியில் டிராக்கர் ஸ்கூலைத் தொடங்கினார். அங்கே விலங்குகளின் தடம் பார்ப்பது பெரிய பாடம். இங்கிலாந்தில் ரே மியர்ஸ் 1983இல் உட்லோர் என்ற பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கினார். ஆசான் இந்த வரலாற்றையெல்லாம் முதல் நாள் காலையிலேயே சொல்லிவிடுவார். சொல்லிவிட்டு, "அவங்க பாடத்த அப்படியே இங்க நடத்த முடியாது. அவங்க மரம் வேற, அவங்க காத்து வேற" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

கயிறு வகுப்பு அவர் நடத்துவதில்லை. மணக்குடியிலிருந்து ஒரு அக்கா வருகிறார். எழுபது தாண்டியிருக்கும். பழையாறு கடலில் விழுகிற அந்தக் காயலில் சின்ன வயதிலிருந்தே கதம்பை அழுகப்போட்டு, அடித்து, தும்பு என்கிற நாரெடுத்துக் கயிறு திரித்தவர். பச்சைக் கதம்பையை உப்பு கலந்த தண்ணீரில் அமிழ்த்தி ஆறு மாதத்திலிருந்து பத்து மாதம் வரை போட்டுவைப்பார்கள். நாரையும் சோறு என்கிற மட்டைத் தூளையும் ஒட்டவைத்திருக்கும் பசையைத் தண்ணீரிலுள்ள நுண்ணுயிர்கள் தின்று கரைத்துவிடும். பிறகு வெளியே எடுத்துத் தடியால் அடித்தால் பொன்னிறத் தும்பு பிரிந்து வரும். நாற்றம் தாங்காது, அந்த நாற்றத்தில்தான் அந்தக் கரையோரத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை வளர்த்தார்கள். ஊறாத கதம்பையையும் அடித்துத் தும்பெடுக்கலாம். முரடாக வரும், கையைக் கிழிக்கும். அவசரத்துக்கு அது போதும்.

அக்கா இரண்டு கொத்துத் தும்பை எடுப்பார். தொடைமேல் வைத்து உள்ளங்கையால் முன்னோக்கி உருட்டுவார். இரண்டும் தனித்தனியாக முறுக்கேறும். உடனே கையைப் பின்னோக்கி இழுப்பார். இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்திசையில் சுற்றிக்கொள்ளும். கயிற்றின் ரகசியமே இந்த எதிர்முறுக்குதான். ஒவ்வொரு இழையும் தன் முறுக்கை அவிழ்த்துக்கொள்ளத்தான் பார்க்கிறது. அப்படி அவிழ முயல்கிற அதே விசைதான் இரண்டு இழைகளையும் இன்னும் இறுக்கிச் சேர்க்கிறது. முடிச்சு இல்லை, பசை இல்லை. வேலை முழுக்கக் கம்பியோடும் கயிற்றோடும் இருந்த எனக்கு, அதுவரை இதை இப்படி யோசிக்கத் தோன்றியதே இல்லை. நார் தீர்ந்துபோகும் இடத்தில் புது நாரைச் சேர்க்க வேண்டும். இரண்டு இழையிலும் ஒரே இடத்தில் சேர்த்தால் அந்த இடத்தில் அறுந்துவிடும். ஒன்றில் இங்கே, மற்றதில் நாலு விரல் தள்ளி. "தம்பி, கையப் பாக்காதீங்க, நாரப் பாருங்க. எங்க மெலியுதோ அங்க குடுங்க" என்பார் அக்கா. அவர் பேசிக்கொண்டே இருப்பார், கயிறு நீண்டுகொண்டே இருக்கும்.

தென்னந்தும்போடு நிற்பதில்லை. பனைமட்டையை ஊறவைத்துத் தட்டி நாரெடுக்கிறோம். அது வலுவான நார், கட்டிலுக்கும் முறத்துக்கும் அந்தக் காலத்தில் பயன்பட்டது. வாழைநார் தோவாளைப் பூக்காரர்களுக்குப் போதும், பாரம் தூக்க ஆகாது. கற்றாழையில் நல்ல வெள்ளை நார் வரும், ஆனால் பச்சை மடலின் சாறு கையில் பட்டால் சிலருக்கு அரிப்பு எடுக்கும். தேங்காய் நாருக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு: அதில் நாரைக் கெட்டியாக்கும் லிக்னின் என்ற பொருள் அதிகம், அதனால் உப்புத் தண்ணீரிலும் எளிதில் மக்காது. நம் கடற்கரையில் கட்டுமரத்தின் தடிகளைப் பிணைத்தது கயிறுதான். கட்டுவள்ளத்தின் பலகைகளைத் தைத்ததும் கயிறுதான். ஆணி இல்லாத அந்த மரங்கள் அலையின் அடிக்கு நெகிழ்ந்து கொடுக்கும். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துத் தடிகளைக் காயவைப்பார்கள். வள்ளவிளையிலும் குளச்சலிலும் வயதான மீனவர்களிடம் கேட்டுப் பாருங்கள், எந்த இடத்தில் எத்தனை சுற்று என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள்.

கற்காலம் என்று பள்ளியில் படித்தோம். கல் அழியாது, அதனால் கல் கிடைத்தது. கயிறு மக்கிப்போகும், அதனால் அதன் பெயரில் ஒரு காலம் இல்லை. பிரான்சில் அப்ரி து மராஸ் என்ற பாறை ஒதுக்கில் ஒரு கல்கருவியில் ஒட்டியிருந்த கயிற்றுத் துணுக்கை 2020இல் அறிவித்தார்கள். மரப்பட்டை நாரில் திரித்த மூன்று இழைக் கயிறு. வயது 41,000 ஆண்டுக்கும் 52,000 ஆண்டுக்கும் இடையில். திரித்தவர்கள் நியண்டர்தால் என்ற பழைய மனித இனத்தார். ஒவ்வொரு இழையும் ஒரு திசையில் முறுக்கி, மூன்றையும் எதிர்த்திசையில் சேர்த்திருக்கிறார்கள். மணக்குடி அக்காவின் கை செய்வதும் அதே வேலைதான். இதைப் படித்த நாளில் அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். "அப்ப அவங்களுக்கும் தொடை காச்சிருக்கும்" என்றார். சிரிக்கவில்லை, உண்மையாகவே அந்த வலியை நினைத்துச் சொன்னார்.

சரி, தீக்கு வருகிறேன்.

எங்கள் வகுப்பில் கற்றுத்தருவது வில்லால் கடைவது. ஒரு அடிக்கட்டை, அதில் ஒரு குழி, குழியின் ஓரத்தில் ஒரு வெட்டு. குழியில் கடைகோலை நிறுத்தி, மேலே சிரட்டைத் துண்டை வைத்து அழுத்திப் பிடித்து, வில்லின் நாணைக் கோலில் ஒரு சுற்றுச் சுற்றி முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். மரம் அரைந்து தூளாகும். பழுப்பாக வருகிற தூள் கறுக்கும். வெட்டில் சேர்ந்து குவியும். சூடு 400 டிகிரி செல்சியஸை ஒட்டி ஏறும்போது அந்தக் கருந்தூளில் ஒரு பொறி பிடிக்கும். அந்த வெட்டு இல்லாவிட்டால் தூள் ஒரே இடத்தில் சேராது, காற்றும் போகாது, எவ்வளவு இழுத்தாலும் வெறும் புகைதான். கட்டை மெதுவான மரமாக இருக்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும். பிசின் உள்ள மரம் வேண்டாம், வழுக்கும்.

இந்த இடத்தில்தான் கயிறு பரீட்சை வைக்கிறது. நாண் நைலானாக இருந்தால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். சொந்தமாகத் திரித்த நார்க்கயிற்றை நாணாகப் போட்டுப் பாருங்கள். கோலில் உரசி உரசி, முறுக்குச் சமமாக இல்லாத இடம் எதுவோ அங்கே பிய்யும். மேல்நாட்டு முகாம்களில் முதல் நாள் தீயும் மூன்றாம் நாள் கயிறும் நடத்துவது, நாணை வீட்டிலிருந்து கொண்டு வருவதால்தான் முடிகிறது என்பது என் கருத்து. கையில் ஒன்றுமே இல்லாத ஒருவனுக்குத் தீக்குப் போகும் வழி கயிற்றின் வழியாகத்தான் போகிறது. உள்ளங்கைகளுக்கு இடையில் கோலை உருட்டிக் கடையும் முறைக்கு நாண் வேண்டாம், உண்மைதான். ஆனால் அது காய்ந்த நாட்டு வித்தை. நம் ஆடி மாதத்தில் கை கொப்பளிப்பதுதான் மிச்சமாகும்.

ஆரல்வாய்மொழிக்கும் திற்பரப்புக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைக் கட்டைதான் எனக்குச் சொல்லித்தந்தது. தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலைக்கு மேற்கே இறக்கிவிட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கே பாய்கிறது. அதனால்தான் ஆரல்வாய்மொழியும் முப்பந்தலும் காற்றாலைக் காடாக இருக்கின்றன. ஆனி மாதம் அங்கே நின்றால் துணி நின்ற நிலையில் காய்கிறது. அங்கே சட்டென்று பொறி கொடுத்த அதே அடிக்கட்டையையும் கோலையும் பேருந்தில் திற்பரப்புக்குக் கொண்டுவந்து, ராத்திரி தோட்டத்துத் திண்ணையில் வைத்துவிட்டுக் காலையில் கடைந்தால் புகைகூட ஒழுங்காக வராது. மழை மேலே படவே இல்லை. காற்றிலிருந்த ஈரத்தைக் கட்டை தானாகக் குடித்துவிடுகிறது. தண்ணீர் உள்ள வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. நாம் இழுக்கிற இழுப்பெல்லாம் அந்த ஈரத்தை ஆவியாக்குவதிலேயே தீர்ந்துவிடும். ஒரு மணி நேரத் தூரத்தில் இரண்டு நாடு இருக்கிறது நம் மாவட்டத்தில். யூட்டா பாலைவனத்தில் எழுதிய பாடம் ஆரல்வாய்மொழிக்கு ஓரளவு பொருந்தும். குலசேகரத்துக்கும் பேச்சிப்பாறைக்கும் வேறு பாடம் எழுத வேண்டும்.

அந்தப் பாடத்தின் முதல் வரி, தீ மாசி பங்குனியில் உண்டாக்கப்படுகிறது, ஐப்பசியில் பற்றவைக்கப்படுகிறது என்பது. காய்ந்த மாதத்தில் மரத்தைத் தேர்ந்து, வெட்டி, பிளந்து, அடுப்புக்கு மேலே பரணில் செருகிவைக்க வேண்டும். புகையும் சூடும் அதைக் காக்கும். புறநானூற்றில் ஔவையார் அதியமானைப் பாடும்போது, வீட்டின் இறப்பில், அதாவது கூரைத் தாழ்வாரத்தில், செருகிவைத்த தீக்கடைகோல் போல வெளியே தெரியாமலும் இருக்க வல்லவன் என்கிறார். ஞெலிகோல் என்கிற அந்தக் கடைகோலை இறப்பில் செருகிவைப்பது அன்றைக்கு எல்லோர் வீட்டிலும் பார்க்கிற காட்சியாக இருந்தால்தானே அந்த உவமை நிற்கும்? பாட்டைப் பள்ளியில் மனப்பாடம் செய்த எனக்கு, அது மழைக்காலத்துக்கான ஏற்பாடு என்று கட்டையைக் கையில் பிடித்த பிறகுதான் விளங்கியது.

எந்த மரம் என்று கேட்பீர்கள். தேங்காப்பட்டணம், மணக்குடிக் காயலோரங்களில் நிற்கிற நீர்ப்பருத்தி எனக்கு நன்றாக வருகிறது. மெதுவான மரம், சீக்கிரம் காயும். பசிபிக் தீவுக்காரர்கள் தீயுண்டாக்கப் பயன்படுத்தியதும் இதே மரத்தைத்தான். காய்ந்த மூங்கிலைப் பிளந்து, ஒரு பாதியின் முதுகில் வெட்டுப் போட்டு, இன்னொரு பாதியின் விளிம்பால் ரம்பம்போல் அறுத்துத் தீ எடுக்கும் முறையும் உண்டு. தென்கிழக்கு ஆசியா முழுக்க அது வழக்கம். மலையோரத்தில் மூங்கிலுக்குப் பஞ்சமில்லை என்பதால் எதிர்காலத்தில் நமக்கு அதுதான் சரியான முறை என்று ஆசான் சொல்கிறார். எனக்கு அதில் இன்னும் கை படியவில்லை, பழகிக்கொண்டிருக்கிறேன்.

பொறி வந்த பிறகு ஏந்திக்கொள்ள ஏதாவது வேண்டும். தென்னையின் பன்னாடை, எங்கள் பேச்சில் சில்லாட்டை, கையால் கசக்கிக் கூடுபோல் செய்துவைத்தால் அருமையாகப் பிடிக்கும். நடுவில் இலவம்பஞ்சு, அல்லது கூந்தற்பனை மட்டையின் அடியில் ஒட்டியிருக்கிற பஞ்சு. ஊதும்போது வேகமாக ஊதக் கூடாது, நீளமாக ஊத வேண்டும். சுடர் வந்ததும் ஈர விறகில் தீயை ஏற்ற ரப்பர் மரத்தில் வடிந்து காய்ந்த ஒட்டுப்பாலைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. மழையில் நனைந்த ஒட்டுப்பாலும் எரியும். நம் மேற்குப் பக்கத்து அடுக்களைகளில் எல்லாம் இதுதானே நடந்தது? பழைய காலத்து வித்தையில் ரப்பர் சேராது என்று ஒரு பையன் வகுப்பில் ஆட்சேபித்தான். ஊரில் என்ன கிடைக்கிறதோ அதை வைத்துப் பிழைப்பதுதான் வித்தை என்று ஆசான் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. அயனி மரத்தின் காய்ந்த திரியையும் சேகரித்து வைத்திருக்கிறோம். அதில் ஒரு முனையைப் பற்றவைத்தால் சுடர்விடாமல் ஊதுபத்திபோல் மெல்லக் கனன்றுகொண்டே போகும். கொசுவுக்கும் வெடி கொளுத்தவும் நம் வீடுகளில் பயன்படுத்தியது. நெருப்பை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எடுத்துப்போக இதைவிட நல்ல பொருளை நான் பார்க்கவில்லை. ஒருமுறை கடைந்த தீயைக் காப்பது, மறுபடி கடைவதைவிட எவ்வளவோ மேல்.

இவை எல்லாம் தனியார் நிலத்தில், சருகு கூட்டித் தள்ளிய வெறுந்தரையில், பக்கத்தில் தண்ணீரோடு. காட்டுக்குள் ஒருபோதும் இல்லை. 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தச் செய்தியைப் பார்த்த யாரும் பங்குனி மாதத்தில் மலையில் கட்டை கடைய நினைக்க மாட்டார்கள். நம் மாவட்டத்துக் காடுகளில் பெரும்பகுதி வனவிலங்கு சரணாலயம்; அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். கண்ணி வைப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைதான். மேல்நாட்டு முகாம்களில் விலங்குக்குக் கண்ணி வைப்பது ஒரு பாடம். எங்கள் வகுப்பில் அது இல்லை, இருக்கவும் கூடாது. கேட்டு வருகிறவர்களை ஆசான் அப்போதே திருப்பி அனுப்பிவிடுவார்.

பாத்திர வகுப்பு பனையேறி அண்ணனுடையது. அவர் கட்டுகிற ஓலைப்பட்டையில் அக்கானி, அதாவது பதநீர், குடித்திருப்பீர்கள். அதே பட்டையில் தண்ணீர் ஊற்றிக் கங்கின்மேல் பிடித்துக் கொதிக்கவைத்துக் காட்டினார். தண்ணீர் இருக்கிற மட்டம் வரை ஓலை எரியாது, ஏனென்றால் தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டே இருக்கிறது. மட்டத்துக்கு மேலே சுடர் பட்டால் கருகிவிடும். கமுகம்பாளையை மடித்துத் தைத்துப் பெரிய பாத்திரம் செய்து, அதில் சுட்ட கல்லைப் போட்டும் கொதிக்கவைக்கலாம். கல்லை ஆற்றிலிருந்து எடுக்கக் கூடாது. கோதையாற்றுக் கல்லுக்குள் ஈரம் இருக்கும், நெருப்பில் வெடித்துச் சிதறும். மேட்டுநிலத்தில் வெயிலில் கிடந்த கல்தான் வேண்டும். கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்கப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரசுவது நம் பாட்டிமார் முறை. மண் படியும், தண்ணீர் தெளியும். ஆனால் தெளிந்த தண்ணீர் சுத்தமான தண்ணீர் ஆகிவிடாது. மழைக்குப் பிறகு எலிக்காய்ச்சல் வருகிற ஊர் இது. கொதிக்கவைத்தே தீர வேண்டும்.

அந்தப் பனையேறி அண்ணன் காலில் போடுகிற தளைநாரைப் பற்றித் தனியாக எழுதலாம். நான் ஏறியது கம்பம், அவர் ஏறுவது மரம். எனக்கு வாரியம் பெல்ட் கொடுத்தது, அவருக்கு அவரே முறுக்கின நார் வளையம். ஒரு நாளில் பத்துப் பதினைந்து பனையில் அதை நம்பி ஏறி இறங்குகிறார். அதைக் கையில் வாங்கி இழுத்துப் பார்த்தபோது, ஒரு கயிற்றை நம்புவது என்றால் என்ன என்று என் தொழில் சொல்லித்தந்ததைவிட அதிகமாகத் தெரிந்துகொண்டேன்.

குடிசை கட்டுவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேல்நாட்டுப் பாடத்தில் சருகுக்குள் புதைந்து படுப்பார்கள். இங்கே சருகு என்றால் ஈரம், ஈரம் என்றால் அட்டை. தரையிலிருந்து உயர்த்திப் பரண் கட்டி, மேலே முடைந்த ஓலையைச் சரிவாகப் போட வேண்டும். சரிவு நின்றால் மழை ஓடும், படுத்தால் ஒழுகும். கால், குறுக்குக்கம்பு, ஓலை எல்லாவற்றையும் பிணைப்பது மறுபடி கயிறுதான். கல் உடைத்துக் கருவி செய்வதில் எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. நம் மலைப்பாறை அதற்கு இசைவாக உடைவதில்லை. தூத்துக்குடி, நெல்லைப் பக்கத்துத் தேரி மணலில் கிடைத்த நுண்கருவிகள் வேறு வகைக் கல்லில் செய்தவை. நமக்கு மூங்கில் பட்டைதான் கத்தி. அதன் தோலில் சிலிக்கா உண்டு, பிளந்த விளிம்பு சதையை வெட்டும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள காணிப் பழங்குடிக் குடியிருப்பு ஒன்றிலிருந்து ஒரு பாட்டா வருகிறார். அவரிடம் நான் கற்றதில் பெரும்பகுதி, எதைத் தின்னக் கூடாது என்பது. காட்டு வள்ளிக்கிழங்குகளில் பல வகை உண்டு. சிலது சுட்டால் போதும், சிலது நறுக்கி ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் போட்டு நஞ்சை இறக்காமல் தின்றால் ஆளையே வீழ்த்திவிடும். ஈந்தங்காயும் அப்படித்தான். இலையைப் பார்த்தால் எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. பாட்டா கொடி எந்தப் பக்கம் சுற்றியிருக்கிறது என்று பார்க்கிறார், முள்ளைத் தடவுகிறார், கிழங்கைக் கீறி நிறம் பார்க்கிறார். "மக்கா, இது படிச்சுத் தெரியாது. கூட நடந்தாத் தெரியும்" என்று சொன்னார். அதனால் பறித்துத் தின்னும் பாடம் எங்கள் வகுப்பில் இல்லை. அவரோடு நடப்பது மட்டும் உண்டு. மரச்சீனியிலேயே கசப்பு வகையை வேகவைத்துத் தண்ணீர் வடித்துத்தானே தின்கிறோம்? விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில் திருவிதாங்கூரில் அது பரவியபோது, எங்கோ யாரோ பக்கத்தில் நின்று அந்த வடிக்கிற பழக்கத்தையும் சொல்லித்தந்திருக்க வேண்டும்.

பாட்டாவுக்குக் கூலி விஷயத்தில் ஆசான் கறாராக இருக்கிறார். அவர் எடுக்கிற அதே தொகை பாட்டாவுக்கும், மணக்குடி அக்காவுக்கும், பனையேறி அண்ணனுக்கும். இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். 1987இல் அகத்தியர் மலையில் ஆய்வுக்குப் போன தாவரவியலாளர்கள், வழிகாட்டிகளாக வந்த காணிகள் ஒரு காட்டுச் செடியின் பழத்தைத் தின்றுவிட்டுக் களைப்பில்லாமல் நடப்பதைக் கண்டார்கள். காணிகள் முதலில் அதைச் சொல்லத் தயங்கினார்கள். வற்புறுத்தியதன் பேரில் காட்டிக்கொடுத்த அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரம் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா அதிலிருந்து ஜீவனி என்ற மருந்தை உருவாக்கி, 1995இல் ஒரு நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தது. உரிமத் தொகையிலும் பங்குத் தொகையிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவு செய்தார்கள். அதை வாங்க 1997இல் கேரளத்துக் காணிகளுக்காக ஒரு அறக்கட்டளையும் பதிவானது. உலகம் முழுக்க எடுத்துக்காட்டாகப் பேசப்பட்ட ஏற்பாடு. அதில் குறைகளும் சர்ச்சைகளும் இருந்தன. தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கிற அதே மலையின் காணிகள் அந்த அறக்கட்டளைக்குள் இல்லை. ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டு போகிறவர்கள், அது யாருடைய கையில் இருந்தது என்பதை மறக்காமல் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட வேண்டும். பழைய வித்தை என்று சொல்லி மேடை போடுகிற பலர் இதைச் செய்வதில்லை. செய்யாத இடங்களுக்கு நான் போவதில்லை.

அடுத்த வகுப்பு மாசியில், ஆரல்வாய்மொழியில். வர நினைப்பவர்கள் இப்போதே வீட்டில் நாலு பச்சைக் கதம்பையைக் குளத்திலோ தொட்டியிலோ கல் வைத்து அமுக்கிப் போட்டுவையுங்கள். முழுதாக அழுகாவிட்டாலும் இளகியிருக்கும், அடிக்க எளிது. முழங்கால் வரை மடித்துக் கட்டக்கூடிய பருத்தி வேட்டியோ, தொளதொளப்பான கால்சட்டையோ போதும். சின்ன வெட்டுக்கத்தி ஒன்று. வரும் முன் ஒரு வாரம் விரல் நகத்தை ஒட்ட வெட்டாதீர்கள், நாரைப் பிரிக்க நகம் வேண்டும்.